ஆறடிக் காசோலை

பிப்ரவரி, இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
ஓஸ்ட்ராண்டர் இறுதிச்சடங்கு நிலையத்தின் வரவேற்பறையில்
நாங்கள் ஐந்து பேர்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
வாடகை கேட்காத சூடான அறை இது ஒன்றுதான்.
மெர்ல் காபி போட்டு வைத்திருக்கிறார்.
அழ வருகிறவர்களுக்கென்று வாங்கிய மெல்லிய காகிதத்தில்
டோனட் சர்க்கரையைத் துடைத்துக்கொள்கிறோம்.

கல்வி அறக்கட்டளையின் கையிருப்பு
பதினோராயிரத்து நாற்பது டாலர்.
பான்கேக் விருந்தில் வந்தது,
பழைய டயர் ஏலத்தில் வந்தது,
இறந்துபோன பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் பெயரில்
அவர் மனைவி மாதாமாதம் அனுப்பும் இருபது.
விண்ணப்பங்கள் முப்பத்தொன்று.
கேட்ட தொகையையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை என்று
முதலிலேயே பேசிவைத்துக்கொள்வோம்.

நான் இருபத்தாறு வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள்.
டிராக்டருக்கு, விதைக்கு, கிணற்றுக்கு
இல்லை இல்லை என்று சொல்லியே
நாக்கில் அந்தச் சொல்லுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது.
அதற்காகத்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள்.
யாராவது ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டுமல்லவா.

வேதியியலுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இருபத்து நான்கு:
"இப்போது இருப்பதைப் போட்டுக்கொண்டால்
உலகமே பால் கலந்த தண்ணீர்."
தச்சு வகுப்புக்கு ஒரு ரம்பம்.
ஓபோவுக்கு நாணல் சீவல்:
"ஒரே ஒரு பையன்தான் வாசிக்கிறான்,
ஆனால் நிறுத்தமாட்டேன் என்கிறான்."

பதினேழாவது, அடெலா ரியோஸ், முதல் வகுப்பு.
கைக்கண்ணாடி, பதினாறு.
காரணம்: பேசும்போது நாக்கு எங்கே போகிறதென்று
அவரவரே பார்க்க வேண்டும்.
'அளவிடத்தக்க பலன்' என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை.

போன வருடமும் இதே தாள் வந்தது.
போன வருடமும் இதே கட்டம் காலி.
சிவப்பில் கோடு போட்டவள் நான்.
அப்போது கேட்டது இருபத்திரண்டு.
மீதி ஆறையும் தன் காசில் வாங்கிவிட்டிருக்கிறார்.
நாலு பிள்ளைக்கு ஒன்று என்று
சுற்றுக்கு விடுகிறாராம்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பது எத்தனை சத்தமானது என்று
அந்த அறைக்குத் தெரியும்.
"கட்டம் காலியாக இருக்கிறதே" என்றேன்,
பழக்க தோஷம்.
ஜோலீன் ப்ரோஹாஸ்கா பேனாவைத் திறந்து
கட்டத்துக்குள் 16 என்று எழுதினாள்.
"அளந்தாயிற்று" என்றாள்.

மார்ச்சில் கொடுக்கப் போனோம்.
எங்களிடம் இருப்பது ஒரே காசோலை,
நுரை அட்டையில் செய்தது, ஆறடி நீளம்.
(மெர்ல் கடையில் எல்லாமே ஆறடிதான்.)
துடைத்துத் துடைத்து எழுதுவோம்.
பழைய தொகைகள் அடியில் நிழலாகக் கிடக்கும்.
அறுபத்து நான்கு டாலர் என்று எழுதியபோது
அட்டை அதற்கு மிகவும் பெரியதாக இருந்தது.
வகுப்பறை வாசலில் நுழையவில்லை. சாய்த்தோம்.
"இதை எப்படி பேங்கில் போடுவீங்க, மடிச்சா?"
முன்பல் விழுந்த இட்ஸெல் கேட்டாள்.
இருபத்தாறு வருட அனுபவத்தில்
என்னிடம் பதில் இல்லை.

படம் எடுக்கிற சத்தத்துக்கும் திரும்பாமல்
மூலையில் அப்திரிஸாக்.
அப்பாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
கையில் பழைய ஆறில் ஒரு கண்ணாடி.
பற்களுக்கு நடுவே நாக்கு நுனி,
உள்ளே போய், மறுபடி வந்து,
'த்ரீ' என்பதன் முதல் பாதி மட்டும்.
கண்ணாடியில் ஆவி படிகிறது.
சட்டைக் கையால் துடைக்கிறான்.
மறுபடி.

வாயை மூடிக்கொண்டு
என் நாக்கு எங்கே இருக்கிறதென்று
தேடிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது லேசாகப் பனி.
பிக்கப் வண்டியை விட்டு ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது காசோலை.
நுனியில் சிவப்புத் துணி கட்டினார் மெர்ல்.
பின்னால் வந்த மாட்டு லாரிக்காரர்
ஏழு மைல் தூரம்
அறுபத்து நான்கைப் படித்துக்கொண்டே வந்திருப்பார்.